மூஞ்சிப் பெட்டியோ, மூண்டு பெட்டியோ

வா மோனை, வாங்கில இரு. கதிரைக்குக் கால் ஆடுது. கொம்மா சொன்னவள், நீ கொஞ்ச நாளா நித்திரை கொள்ளுறேல்லையாம், சோத்தைப் பிசைஞ்சுகொண்டு சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறியாம். நான் நினைச்சன் பரந்தன் பக்கத்துப் பெட்டை ஆரோ எண்டு. விசாரிச்சால், வீட்டுக்குள்ள இருந்து கார் ஓடுற விளையாட்டுக்கு மூஞ்சியில மாட்டுற பெட்டி வேண்டுறதோ, மேசையில மூண்டு மொனிட்டர் அடுக்கிறதோ எண்ட யோசினையாம். எங்கட பரம்பரையில இப்பிடியொரு கவலைப்பட முதல் முதலா வசதி கிடைச்சவன் நீதான். நல்லாக் கவலைப்படு.

என்னட்ட ஏன் வந்தனி எண்டும் எனக்குத் தெரியும். கனடா மாமன் பாதிதான் தாறனெண்டிட்டான். மிச்சப் பாதிக்கு என்ர காலபோக நெல்லில கண். சரி, காசு போடுறவன் நாலு கதை கதைப்பான். கேட்டுக்கொண்டிரு.

முதல்ல ஒண்டு. உது வீண் விளையாட்டெண்டு நான் சொல்லமாட்டன். உன்ர கொப்பன் சொல்லுவான், அவன் மோட்டச்சைக்கிளில ஏ9 ரோட்டில செய்த வேலையள் எனக்கெல்லோ தெரியும். இந்த நாட்டில உண்மைக் கார் வேண்டி ஓடுறதெண்டால் ஆரால ஏலும்? 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள், 2025 மாசியிலதான் திறந்தாங்கள். திறந்த பிறகு விலையைக் கேட்டவன் திரும்பவும் சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போயிட்டான். ஓட்டத் திடலுக்குப் போவமெண்டால் 2024 சித்திரையில தியத்தலாவையில நடந்ததை மறந்திட்டியோ? பொக்ஸ்ஹில் ஓட்டத்தில கார் சனத்துக்குள்ள பாஞ்சு 7 பேர் செத்தவை. ஒண்டு சின்னப் பிள்ளை. அதை நினைச்சால், நீ அறைக்குள்ள இருந்து சுவரில கொண்டுபோய் இடிக்கிறது எனக்குச் சந்தோசம். நடிகர் அஜித் கூட 2025 தையில துபாயில பயிற்சியில கொண்டுபோய் அடிச்சவர்தானே. அவர் இறங்கி நடந்து வந்தார், அவற்ர குழு 24 மணித்தியால ஓட்டத்தில 992 வகுப்பில மூண்டாமிடமும் எடுத்தது. உனக்கு அடிச்சால் ஒரு பட்டனை அமத்தினால் கார் புதுசு. அந்தப் பட்டன் எனக்குக் கிடைச்சிருந்தால் மாங்குளத்தடியில நான் பிரட்டின லொறி இப்பவும் ஓடும்.

இரு, சிரியாதை. நான் ஒரு காலத்தில கிளிநொச்சி நெல்லைக் கொழும்புக்கு ஏத்தினவன். பொருளாதாரத் தடைக் காலத்தில ஒரு சின்னப் போத்தலில பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில வாகனம் ஓடினவன். எனக்கு உன்ர ஜி29 ஸ்ரேறிங் செற்றைப் பற்றியும் கொஞ்சம் விளங்கும். 2015ல வந்த சாமான், ஸ்ரேறிங் 900 பாகை சுத்தும், ரெண்டரைச் சுத்து. ஸ்ரேறிங்கில பிழையில்லை. பெடலிலதான் எனக்குப் பிடிக்கேல்லை. உண்மை வாகனத்தில பிறேக் எவ்வளவு பிடிச்சதெண்டு காலில விழுற பாரந்தான் சொல்லும். உன்ர பெடல் கால் எவ்வளவு தூரம் கீழ போகுதெண்டு அளக்குது. பாரத்தை அளக்கிற பெடல் இருக்காமே, லோட் செல் எண்டு நீ ஒருக்கால் புலம்பினனி. என்னைக் கேட்டால் கண்ணுக்குச் செலவழிக்க முந்திக் காலுக்குச் செலவழி. கால் படிச்ச பாடத்தை மறக்காது. எனக்கு லொறியை விட்டு எத்தினை வருசம், இப்பவும் கொம்மா சமைக்கிற மணத்துக்கு வலங்கால் தன்பாட்டில பிறேக்கைத் தேடுது.

நீ அதைக் கேக்கமாட்டாய். கண்ணுக்குத்தான் ஆசை. சரி, மூஞ்சிப் பெட்டிக்கு வருவம்.

நான் அதைப் போட்டுப் பாக்கேல்லை எண்டு நினையாதை. உன்ர சிநேகிதப் பெடியன் கொண்டந்த அண்டைக்கு, நீ கடைக்குப் போன நேரம் மாட்டிப் பாத்தனான். உள்ளதைச் சொல்ல வேணும். கெட்டித்தனமான சாமான். ரெண்டு கண்ணுக்கும் வேற வேற படம் போகுது, அதாலதான் ஆழம் தெரியுது. மொனிட்டரில வளைவு எவ்வளவு தூரமெண்டு மனக்கணக்கில பிடிக்க வேணும். பெட்டிக்குள்ள பாத்தவுடன தெரியுது. கொண்டை வளைவில தலையைத் திருப்பிப் போற பக்கத்தைப் பாக்கலாம், நான் லொறியில செய்ததும் அதைத்தான். அதைவிட எனக்குப் பிடிச்சது மேடுபள்ளம். ஜேர்மன்காரன்ர நேர்பேர்க்ரிங் பழைய பாதை, 20 கிலோமீற்றருக்கு மேல, மலைக்குள்ளால ஏறி இறங்குது. மொனிட்டரில பாத்தால் அது ஏ9 கணக்காத் தட்டையாக் கிடக்கு. பெட்டிக்குள்ளதான் இறக்கம் இறக்கமாத் தெரிஞ்சது. நாங்கள் வன்னியார், எங்களுக்கு மேடு எண்டால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். அந்த இறக்கத்தைக் கண்டவுடன நான் சாரத்தை இறுக்கிப் பிடிச்சனான், பொய் சொல்லேல்லை.

பிறகு வயிறு கதைக்கத் தொடங்கிச்சுது.

அதுக்குக் காரணம் வயதெண்டு நினையாதை. கண் சொல்லுது, வளைவில திரும்புறாய் எண்டு. காதுக்குள்ள சமநிலை பாக்கிற இடம் சொல்லுது, நீ வாங்கில சும்மா இருக்கிறாய் எண்டு. ரெண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை எந்தப் பக்கமும் நிக்காது, சாப்பிட்டதைத் திருப்பித் தரச் சொல்லும். சில பேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாப் பழகப் பழக விட்டிடுமாம். சில பேருக்கு விடவே விடாதாம். நீ அதில எந்த வகை எண்டு காசு குடுக்க முந்தி அறிய வேணும், குடுத்த பிறகு அறிஞ்சால் அது என்ர நெல்லு. இரவல் வேண்டி மாட்டிப் பார். தலை சுத்தத் தொடங்கினவுடன கழட்டிப் போடு. வீரம் காட்டிக்கொண்டு மல்லுக்கட்டினால் அடுத்த நாள் அந்தப் பெட்டியைக் கண்டாலே குமட்டும். முகத்துக்கு நேர காத்தாடியைப் போட்டுவிடு, அது உதவுமாம். ஆனால் எங்கட தகரக் கூரைக்குக் கீழ, சோளகம் அடிக்கிற ஆனி ஆடியில, அரைக் கிலோவுக்கு மேல ஒண்டை முகத்தில கட்டிக்கொண்டு இருந்து பார். குவெஸ்ற் 3 எண்ட மூஞ்சிப் பெட்டி 515 கிராமாம். கண்ணாடிக்கு வேர்வை படிஞ்சு, வேர்வையில படம் படிஞ்சு, கடைசியில நீ ஓடுறது எந்த நாட்டு ரோட்டெண்டே தெரியாது. பிக்ஸ்கிறீன் பியொண்ட் எண்டு 127 கிராமில 2023ல ஒண்டு வந்ததுதான். ஆளின்ர முகத்தை அளவெடுத்துச் செய்து தாறாங்களாம். அதின்ர விலையைச் சொன்னால் கனடா மாமன் போன் நம்பரை மாத்திப் போடுவான்.

கொம்பியூட்டருக்கும் வயிறு இருக்கு, அதையும் யோசி. குவெஸ்ற் 3ல ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 புள்ளி. ரெண்டு கண்ணுக்கும் சேத்தால் 91 இலட்சம். செக்கனுக்கு 90 தரம் புதுசாக் கீறிக் குடுக்க வேணும், அதாவது ஒரு படத்துக்கு 11 மில்லிசெக்கன் தவணை. வில்லையின்ர வளைவைச் சரிக்கட்ட அதுக்கும் மேலால கீற வேணுமாம். மொனிட்டரில ஒரு படம் பிந்தினால் கண் சிமிட்டினதாப் போயிடும். பெட்டிக்குள்ள பிந்தினால் வயித்துக்குத்தான் முதல் அறிவிப்பு. 2560க்கு 1440ல மொனிட்டர் மூண்டு வைச்சாலும் கணக்கு லேசில்லைத்தான், 1 கோடியே 10 இலட்சம் புள்ளி. ஆனால் அது 60 தரத்துக்கு இறங்கினாலும் ஆரும் சத்தி எடுக்கமாட்டினம். ஒரேயொரு மொனிட்டர் எண்டால் 37 இலட்சத்தோட முடிஞ்சுது. இந்த மூண்டாவது கணக்கைத்தான் நீ எனக்குச் சொல்லாமல் மறைச்சனி.

பெட்டி போட்டவனுக்கு வீடு தெரியாது, அது இன்னொரு வில்லங்கம். கண்ணைக் கட்டிச் சுத்த விடுற செக்கு மாட்டைப் போல நீ ஒரே வட்டத்தைச் சுத்திக்கொண்டிருப்பாய். செக்கு மாடு சுத்தினால் எண்ணெயாவது வரும். கோழி அறைக்குள்ள வந்து கிராபிக்ஸ் காட்டுக்கு மேல ஏறியிருந்தாலும் தெரியாது. கொம்மா தேத்தண்ணி வைச்சிட்டுப் போனாள் எண்டால் கையால துழாவித் தட்டி ஊத்துறதுதான். புதுப் பெட்டியில பக்கத்தில ரெண்டு தட்டுத் தட்டினால் வெளியுலகம் தெரியுமாம். எங்கட வீட்டில அந்தத் தட்டைத் தட்ட முந்தி கொம்மா தட்டிப் போடுவாள்.

இன்னொண்டு, வடிவாக் கேள், இதுதான் காசுக் கதை. 2020ல எச்.பி. கொம்பனி ரிவேர்ப் ஜி2 எண்டு ஒரு பெட்டி விட்டது. படம் துலக்கமெண்டு கார் ஓடுற பெடியள் எல்லாம் விழுந்து விழுந்து வேண்டினாங்கள். அது மைக்குரோசொப்டின்ர ஒரு மென்பொருளில தொங்கிக்கொண்டு நிண்டது. 2023 மார்கழியில மைக்குரோசொப்ட் சொல்லிப்போட்டுது, அதை இனிப் பாக்கமாட்டம் எண்டு. 2024ல விண்டோஸ் 11க்கு வந்த 24எச்2 புதுப்பிப்பில அதைத் தூக்கியே எறிஞ்சிட்டாங்கள். பெட்டியில ஒரு கீறல் இல்லை, வில்லை உடையேல்லை, வயர் அறுகேல்லை. விண்டோஸைப் புதுப்பிச்சவன்ர பெட்டி அண்டையோட சும்மா பெட்டி. மொனிட்டருக்கு இப்பிடியொரு சாவு வந்ததெண்டு கேள்விப்பட்டிருக்கிறியே? வயரைக் குத்தினால் படம் வரும். பத்து வருசத்துக்குப் பிறகும் குத்தினால் வரும். கார் ஓடுறதை நீ விட்டாலும் உன்ர தங்கச்சி அதில படிப்பாள்.

கரண்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் வன்னியான் இல்லை. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, சில்லைச் சுத்தி, டைனமோவில ரேடியோவுக்கு உயிர் குடுத்துச் செய்தி கேட்ட ஆக்கள் நாங்கள். ஜாம்போத்தல் விளக்கில கொம்மா ஓ.எல். படிச்சவள். பிறகு கரண்ட் வந்தது, 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் போனதும் வந்ததுதான். போகட்டும், அது நாடு வங்குரோத்தான காலம். 2025 மாசி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? பாணந்துறை உபமின் நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பூந்து, முழு இலங்கையும் இருட்டு. மந்திரியே சொன்னவர் குரங்குதான் எண்டு. பாணந்துறை எங்க, எங்கட வட்டக்கச்சி எங்க? அவ்வளவு தூரத்துக் குரங்குக்கு உன்ர ஓட்டத்தை நிப்பாட்டுற பலம் இருக்கெண்டால், எங்கட வேம்பில இருக்கிற குரங்குகளை இனி மரியாதையாக் கூப்பிடு. மூஞ்சிப் பெட்டிக்குள்ள பற்றரி இருக்கு, ரெண்டு மணித்தியாலம் நிக்கும் எண்டு சொல்லப் போறாய். பெட்டி முழிச்சிருக்கும், கொம்பியூட்டர் படுத்திடும். முதல்ல ஒரு யூ.பி.எஸ். வேண்டு, எதைத் தெரிவு செய்தாலும். இன்ரநெற் அறுந்தால் அழாதை. 2023 தையில லு மான் 24 மணித்தியால ஓட்டத்தைக் கொம்பியூட்டரில வைச்சவங்கள். உலகச் சம்பியன் மக்ஸ் வெர்ஸ்டப்பன் முன்னுக்கு ஓடிக்கொண்டிருக்கேக்க தொடர்பு அறுந்து வெளியால போட்டுது. அந்தாள் அதைக் கோமாளிக் கூத்தெண்டு ஏசிப்போட்டுப் போயிட்டார். அவருக்கே அந்தக் கதி, உனக்கு மூலைக்கடை ரீலோட்டில ஓடுற டேற்றா.

இனி மொனிட்டர். மூண்டு வேண்டினால் எங்க வைக்கப் போறாய்? இது இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டின வீடு மோனை. 2012ல தொடங்கின திட்டம், ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. உன்ர பட்டியலை ஒரு துண்டில கூட்டிப் பாத்தனான். கொம்பியூட்டர், காட், மொனிட்டர், ஸ்ரேறிங், இரும்புச் சட்டம், கதிரை எல்லாம் சேத்தால் வீடு தோத்துப் போச்சுது. அப்ப காசுக்குப் பெறுமதி கூட, ஓம், தெரியும். எண்டாலும் வீட்டை விட வீட்டுக்குள்ள இருக்கிற கார் விலை கூட எண்டு அயலட்டைக்குத் தெரிஞ்சால் சீதனப் பேச்சில கணக்கு மாறும்.

மூண்டையும் நேர்கோட்டில அடுக்கிப்போட்டு இருக்கிறதில பிரயோசனமில்லை. கரை ரெண்டையும் உன்னைச் சுத்தி வளைக்க வேணும். 27 அங்குலம் எண்டால் வளைச்ச பிறகு நாலரை அடி அகலம் பிடிக்கும், உன்ர கட்டில் விறாந்தைக்கு வரும், விறாந்தையில நான் படுக்கிறன். அதால முதல்ல ஒண்டை வேண்டி அதைச் சரியா வைக்கப் பழகு. மொனிட்டர் ஸ்ரேறிங்குக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு நிக்க வேணும், சுவரோட இல்லை. கண்ணில இருந்து 60 சென்ரிமீற்றரில 27 அங்குல மொனிட்டரை வைச்சால் அது உனக்கு முன்னால 53 பாகை பிடிக்கும். விளையாட்டுக்குள்ளயும் அந்தக் கோணத்தைத்தான் போட வேணும். அசெற்றோ கோர்சா எண்ட விளையாட்டு நெட்டாங்குக் கோணத்தைக் கேக்கும், அங்க 31. பெடியள் எல்லாம் தெரியட்டும் எண்டு ஆசைப்பட்டு 90ஐப் போடுறாங்கள். உடன வளைவெல்லாம் எட்டத்துக்குப் போயிடும், கார் கிழிச்சுக்கொண்டு பறக்கிறதாத் தெரியும், பிறேக் பிடிக்கிற இடம் ஒவ்வொரு சுத்துக்கும் மாறும். பிறகு கார் சரியில்லை, ரயர் சரியில்லை, நாடு சரியில்லை. கோணத்தைச் சரியாப் போட்டால் முதல்ல குழாய்க்குள்ளால பாக்கிற எண்ணம் வரும், பக்கத்தில வாறவன் தெரியான். அந்தக் குறைக்குத்தான் மற்ற ரெண்டு மொனிட்டர். மூண்டும் சேந்தால் 150 பாகைக்கு மேல. மூஞ்சிப் பெட்டியில 110. பக்கக் கண்ணாடி பாக்காமல் லொறி ஓடினவன்ர கதி எனக்குத் தெரியும் எண்டதால இந்த இடத்தில என்ர கை மூண்டுக்குத்தான் உயரும்.

நீ கேப்பாய், பெட்டி போட்டவன் வேகமா ஓடுவான் எண்டெல்லோ கதை எண்டு. ஜான் மார்டன்பரோ எண்ட இங்கிலாந்துப் பெடியனைப் படமே எடுத்தவங்கள், 2023ல, நீதான் எனக்குக் காட்டினனி. அவன் 2011ல பிளேஸ்ரேசனில கிறான் ருரிஸ்மோ ஓடி வெண்டு, 2013ல உண்மை லு மானில தன்ர வகுப்பில மூண்டாமிடம் வந்தவன். அவன் ஓடிப் பழகேக்க கடையில மூஞ்சிப் பெட்டியே இல்லை. ஒக்குலஸ் றிப்ற் வீட்டுக்கு வந்ததே 2016லதான். ஒரு ரீவி, ஒரு ஸ்ரேறிங், நித்திரையில்லாத கண். மூண்டாவது உன்னட்ட ஏற்கனவே இருக்கு.

இப்ப நான் உனக்குச் சொல்லாமல் வைச்சிருந்த காரணம். சவாரித் திடலுக்கு உன்னைத் தோளில வைச்சுக் கொண்டுபோனது நினைவிருக்கே? மாடு ஓடுது, வண்டி ஓடுது, ஆனால் அந்தத் திடலின்ர பாதி ஓட்டம் கரையில நிண்டு கத்துற சனத்திட்ட. ஓடி முடிஞ்ச பிறகு ஒரு கிழமைக்குத் தேத்தண்ணிக் கடையில திரும்பத் திரும்ப ஓடுறது அவங்கள்தான். நீ மொனிட்டரில ஓடேக்க நானும் கொப்பனும் பின்னால நிண்டு, விடாதை, உள்ளுக்க எடு, அவனைப் போகவிடாதை எண்டு குளறுவம். மூஞ்சிப் பெட்டிக்குள்ள நீ தனிய. மொனிட்டரிலயும் அதே படம் தெரியுமெண்டு சொல்லுவாய். அண்டைக்குப் பாத்தனே, உன்ர சிநேகிதன் தலையை ஆட்டிற ஆட்டுக்குப் படம் எல்லாம் ஆடுது. அவன் பெட்டிக்குள்ள நல்லா இருந்தான், வெளியால பாத்துக்கொண்டு நிண்ட நான் போய்த் திண்ணையில படுத்தன். ஓடுறவனுக்குச் சுகம், பாத்தவனுக்குச் சத்தி. அதோட, படம் காட்டவும் ஒரு மொனிட்டர் வேணும் எண்டதைக் கவனிச்சனியே?

அப்ப ஒழுங்கு இதுதான். இந்தப் போகத்துக்கு ஒரு நல்ல மொனிட்டர், பாரம் அளக்கிற பெடல், யூ.பி.எஸ். என்ர பங்கு அவ்வளவுக்கும் வரும். அடுத்த போகம் வெள்ளம் அள்ளாமல் விட்டால் கரை ரெண்டு மொனிட்டர். மூஞ்சிப் பெட்டி ஆசை அதுக்குப் பிறகும் இருந்தால் ஆரும் வெளிநாட்டில இருந்து வாறவையிட்ட இரவல் வேண்டிப் போட்டுப் பார், வயிறு ஒத்துக்கொண்டால் மாமனைக் கேள். அவன் தருவான், நானே கதைக்கிறன்.

ஏன் இவ்வளவு நல்லவனா இருக்கிறன் எண்டு முழிக்காதை. லொறி ஓடுற விளையாட்டும் இருக்காமே, 2012ல செக் நாட்டுக்காரன் விட்டது, யூரோ ட்ரக் எண்டு. உன்ர தங்கச்சி காட்டினவள். கண்புரைக்கு வெட்டின கண்ணோட எனக்கு மூஞ்சிப் பெட்டி சரிவராது, மொனிட்டர் எண்டால் வடிவாத் தெரியுது. மத்தியானம் நீ பள்ளிக்குடத்தில இருக்கிற நேரம் அது சும்மாதானே கிடக்கும். ஐரோப்பாவில பெரும்பாலும் வலப்பக்க ரோட்டாம், இங்கிலாந்தில எங்கட பக்கமாம். என்ர கொம்பனியை அங்க திறந்துவிடு. லொறிக்கு நீல நிறம் அடி, பின்னுக்கு வட்டக்கச்சி எண்டு எழுத ஏலுமோ எண்டும் பார்.